பாடசாலைப் பாதுகாப்பும் குடும்பங்களின் ஆயத்தமும்: ஒரு சமூக நோக்கு

பாடசாலை நாள் ஒவ்வொன்றும் ஓர் ஒப்படைப்புடனேயே தொடங்குகின்றது. காலை ஏழரை மணிக்கு மணி ஒலிக்கின்றது. பெற்றோர் பிள்ளைகளை வாயிலில் விட்டுத் தத்தம் தொழிலுக்குச் செல்கின்றனர். அன்று பிற்பகல் ஒன்றரை மணிவரை அப்பிள்ளைகளின் உயிருக்கு யார் பொறுப்பு, ஆபத்து நேரின் அவர்களை எங்கே கொண்டு செல்வர், யாரிடம் கையளிப்பர் என்னும் வினாக்களைப் பெற்றோரும் எழுப்புவதில்லை, ஆசிரியரும் எழுப்புவதில்லை. ஒன்றும் நிகழாத நாட்களில் அவ்வினாக்கள் தேவையற்றனவாகவே தோன்றும். ஏதேனும் நிகழும் நாளிலோ அவற்றுக்கு விடை காண நேரம் இருப்பதில்லை.

இக்கட்டுரையில் நாம் இரண்டு கருத்துகளை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு அனர்த்த வேளையில் வெளிப்படும் துணிச்சலினாற் தீர்மானிக்கப்படுவதிலும் பார்க்க, அதற்கு முன்னரே பாடசாலையும் குடும்பமும் செய்துகொண்ட உடன்பாட்டினாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது. இரண்டாவது, அவ்வுடன்பாடு நிறைவேறுவதற்கு வேண்டிய அடிப்படைகள், அதாவது பாதுகாப்பான நிலம், பாதுகாப்பான வீடு, முடிவெடுக்கும் உரிமை ஆகியன, எல்லா மக்களுக்கும் ஒரே அளவிற் கிடைப்பதில்லை. முதலாவது கருத்தை 2011ஆம் ஆண்டு யப்பானில் நிகழ்ந்தவற்றைக் கொண்டும், இரண்டாவதனை நமது மலைநாட்டு அனுபவத்தைக் கொண்டும் நோக்குவோம்.

இருவகை ஆபத்துகள்

பாடசாலையைத் தாக்கும் ஆபத்துகளை இரு வகையினவாகப் பகுத்துக்கொள்வது விளக்கத்துக்கு உதவும். ஒன்று, கட்டடத்தின் உள்ளே தோன்றுவது. தீவிபத்து இதற்குச் சிறந்த உதாரணமாகும். மற்றையது, வெளியிலிருந்து வந்து கட்டடத்தையும் அதன் சூழலையும் ஒருங்கே தாக்குவது. வெள்ளம், பேரலை, மண்சரிவு என்பன இவ்வகையின.

முதல்வகை ஆபத்தில் நடைமுறை எளிது: விரைவாக வெளியேறுதல். அதற்கு வழி இருத்தல் வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. 2004 யூலை 16ஆந் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்திற் பாடசாலையொன்றில் ஏற்பட்ட தீயில் 94 பிள்ளைகள் உயிரிழந்தனர். சமையற் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது; மேல்மாடிப் பிள்ளைகள் இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டே இருந்தது. இவ்வனர்த்தத்தை முன்னிறுத்தித் தொடரப்பட்ட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் வழங்கிய தீர்ப்பு, பாதுகாப்பான பாடசாலையிற் கல்வி பெறுதல் கல்வியுரிமையின் ஓர் அங்கமேயாகும் எனக் கூறிற்று. கூரையும் படிக்கட்டும் கற்பித்தலுக்குப் புறம்பான விடயங்கள் அல்ல என்பது இதனால் உறுதியாயிற்று.

இரண்டாம் வகை ஆபத்தில் வெளியேறுதல் மட்டும் போதாது. எங்கே வெளியேறுவது என்பதே உயிர்நிலையான வினாவாகும். பெரும்பாலான பாடசாலைகளில் நடைபெறும் ஒத்திகைகள் முதல்வகைக்கு உரியனவாக இருத்தலை நாம் அவதானிக்கலாம். மணி அடிக்கும், மாணவர் வரிசையாக விளையாட்டிடத்துக்கு வருவர், இடாப்பு வாசிக்கப்படும், ஒத்திகை அத்துடன் முடிவடையும். விளையாட்டிடத்தை அடைந்த பின்னர் என்ன செய்வது என்பது எழுதப்படாத பக்கமாகவே இருந்துவிடும். அப்பக்கம் எழுதப்படாமையின் விளைவையே ஒக்காவாவிற் காண்கின்றோம்.

ஒக்காவா: ஐம்பது நிமிடங்கள்

யப்பானின் மியாகி மாநிலத்தில் இஷினோமாக்கி நகரைச் சேர்ந்த ஒக்காவா ஆரம்பப் பாடசாலை, கிதகாமி ஆற்றங்கரையில், ஆறு கடலொடு கலக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் உள்ளே அமைந்திருந்தது. 2011 மார்ச் 11ஆந் திகதி பிற்பகல் 2.46 மணிக்குப் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆசிரியர்கள் மாணவரை ஒழுங்காக வெளியே அழைத்து வந்து விளையாட்டிடத்தில் நிறுத்தினர். அதுவரை யாவும் முறைப்படியே நடந்தன. பேரலை பாடசாலையை அடைந்தபோது நேரம் ஏறத்தாழ 3.37 மணி. இடைப்பட்ட ஐம்பது நிமிடங்களிற் பெரும்பகுதியைப் பிள்ளைகள் அவ்விடத்திலேயே கழித்தனர். இறுதியில் ஆற்றுப் பாலத்தின் அருகேயிருந்த சற்று மேடான இடத்தை நோக்கி, அதாவது ஆற்றை நோக்கியே, அவர்கள் நடத்திச் செல்லப்பட்டனர். அப்பாடசாலையின் மாணவர் 108 பேரில் 74 பேரும் ஆசிரியர் 10 பேரும் மாண்டனர்.

பாடசாலையின் பின்புறத்தில் ஒரு குன்று இருந்தது. பாடத்தின் ஒரு பகுதியாகப் பிள்ளைகள் முன்னர் அதில் ஏறிக் காளான் வளர்த்ததுமுண்டு. குன்றில் ஏறுவோம் என்று மாணவர் சிலர் கூறியதாகவும் சாட்சியங்கள் உள. எனினும் முடிவு எடுக்கப்படவில்லை. அதிபர் அன்று பாடசாலையில் இல்லை. குன்றில் மரங்கள் முறிந்து விழலாம் என ஐயம் எழுந்தது. அயலிலுள்ள முதியோரும் அவ்வளவுக்கே வந்து கூடியிருந்தனர். ஏனெனில் அதுவே அவ்வூருக்குக் குறிக்கப்பட்ட புகலிடமாகும். நகரசபையின் ஆபத்து வரைபடம் பாடசாலையைப் பேரலை எட்டாத பகுதியாகவே காட்டியது. பாடசாலையின் கைந்நூலோ, பேரலை எச்சரிக்கை ஏற்பட்டால் அருகிலுள்ள வெற்றுநிலத்துக்கோ பூங்காவுக்கோ செல்லவேண்டும் எனப் பொதுப்படக் கூறியிருந்ததேயன்றி, எந்த நிலம், எந்தப் பூங்கா என்று கூறவில்லை. உண்மையில் அச்சூழலில் அத்தகைய பாதுகாப்பான இடம் இருக்கவுமில்லை.

இங்கு ஆசிரியரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்களிற் பத்துப் பேர் தம் மாணவருடனேயே மாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களிடம் அன்பு இல்லாமலில்லை, ஒழுங்கு இல்லாமலுமில்லை. இல்லாதிருந்தது, முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு முடிவு. அம்முடிவை அமைதியான ஒரு நாளில், வரைபடத்தை விரித்து வைத்து, குன்றில் ஏறிப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். அது எடுக்கப்படாமையால், நடுங்கும் நிலத்தின்மேல், அதிபர் இல்லாத வேளையில், மாறுபட்ட கருத்துகளின் நடுவே எடுக்கவேண்டியதாயிற்று.

இறந்த மாணவருள் 23 பேரின் குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாடினர். 2018 ஏப்பிரலிற் செந்தாய் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இத்துறையிற் குறிப்பிடத்தக்க ஒரு திருப்பமாகும். அனர்த்த நாளில் ஆசிரியர் செய்த பிழையை மட்டும் அது ஆராயவில்லை. அனர்த்தத்துக்கு முன்னரே பாடசாலையும் நகரக் கல்விச் சபையும் கைந்நூலைத் திருத்தியிருக்க வேண்டும், குறித்த ஒரு புகலிடத்தையும் அதற்கான வழியையும் நிர்ணயித்திருக்க வேண்டும் எனக் கூறிற்று. ஆபத்து வரைபடம் பாதுகாப்பானது எனக் காட்டினும், ஆற்றங்கரையில் அமைந்த பாடசாலை அவ்வரைபடத்தைத் தானே ஐயுற்று ஆராய்ந்திருத்தல் கடமை என்பதும் அத்தீர்ப்பின் சாரமாகும். 2019 ஒக்ரோபரில் யப்பானிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தமையால் இத்தீர்ப்பு உறுதியாயிற்று. பொறுப்பு ஆபத்து நாளில் தொடங்குவதன்று. அதற்கு முந்திய அமைதியான நாட்களிலேயே தொடங்குகின்றது என்பதே இதனாற் பெறப்படும் கொள்கை.

கமைஷி: ஒத்திகையின் இரு முகங்கள்

அதே நாளில், வடக்கே இவாத்தே மாநிலத்தின் கமைஷி நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். ஆயினும் அந்நகரின் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளின் மாணவர் ஏறத்தாழ 2,900 பேரில் மாண்டோர் ஐவரே. அவ்வைவரும் அவ்வேளையிற் பாடசாலையின் பொறுப்பில் இருக்கவில்லை.

கமைஷியின் உனோசுமாய் பகுதியில் இடைநிலைப் பாடசாலையும் ஆரம்பப் பாடசாலையும் அருகருகே அமைந்திருந்தன. நிலநடுக்கத்தில் மின்சாரம் தடைப்பட்டு ஒலிபெருக்கி செயலிழந்தது. இடைநிலைப் பாடசாலை மாணவர் மேலும் அறிவித்தலை எதிர்பாராது உயர்ந்த இடத்தை நோக்கி ஓடினர். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் முதலிற் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குச் சென்றிருந்தனர். மூத்தோர் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி உடன் ஓடினர். இருபாடசாலையினருமாக ஏறத்தாழ 570 மாணவர் முதலில் குறிக்கப்பட்ட புகலிடத்தை அடைந்தனர். அங்கே மலைச்சரிவு ஒன்று இடிந்திருப்பதைக் கண்டு, அவ்விடமும் பாதுகாப்பற்றது எனக் கருதி, மூத்த மாணவர் இளையோரின் கைகளைப் பற்றிக்கொண்டு இன்னும் மேலே சென்றனர். முதற் புகலிடத்தை நீர் சூழ்ந்தது, அவர்கள் தப்பினர். இவ்விரு பாடசாலைகளையும்கூட ஆபத்து வரைபடம் பேரலை எட்டாதவை எனவே காட்டியிருந்தது என்பது கவனிக்கற்பாலது.

இதனை உலகச் செய்தியேடுகள் அற்புதம் என்று வருணித்தன. அம்மாணவருட் பலரும் அச்சொல்லை விரும்பவில்லை. பேராசிரியர் தொஷித்தக்கா கத்தாதாவும் ஆசிரியர்களும் பல ஆண்டுகள் அங்கு நடத்திய கல்வியின் பயனையே நாம் இங்குக் காண்கின்றோம். அக்கல்வி மூன்று நெறிகளைக் கொண்டது: முன்முடிவுகளை நம்பாதே, அவ்வேளையில் இயன்றதனைத்தையும் செய், முதலில் ஓடுபவனாக நீயே இரு. மூன்றாவது நெறி தன்னலம் போலத் தோன்றலாம். ஆனால் தயங்கி நிற்கும் கூட்டத்தில் ஒருவர் ஓடத் தொடங்கினாலே பிறரும் ஓடுவர் என்பது உனோசுமாயில் மெய்யாயிற்று.

அற்புதம் என்னும் சொல் மறைக்கும் மற்றோர் உண்மையையும் இங்குச் சொல்லியாக வேண்டும். அதே உனோசுமாய்ப் பகுதியில் 2010இல் அனர்த்தத் தடுப்பு நிலையம் என்னும் பெயருடன் ஒரு கட்டடம் திறக்கப்பட்டிருந்தது. பேரலையின்போது செல்லுதற்குரிய புகலிடமாக அது குறிக்கப்படவில்லை. எனினும், முதியோர் மலையேறச் சிரமப்படுவர் என்ற காரணத்தால், ஒத்திகைகளின்போது அருகிலிருந்த அக்கட்டடத்திலேயே மக்கள் கூடுவது வழக்கமாயிற்று. மார்ச் 11ஆந் திகதியும் அவர்கள் பழகிய இடத்துக்கே சென்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் அக்கட்டடத்தினுள் மாண்டனர்.

ஒத்திகை உடலுக்குக் கற்பிக்கின்றது. சரியானதைக் கற்பித்தால் உயிர் காக்கும். வசதிக்காகத் தவறானதைக் கற்பித்தால் அதுவே மரணத்துக்கு வழிகாட்டும். ஆகவே ஆண்டுக்கு எத்தனை ஒத்திகைகள் நடத்தப்பட்டன என்னும் கணக்கு மட்டும் எதனையும் நிறுவாது. எவ்விடத்தை நோக்கி நடத்தப்பட்டன என்பதே முதன்மையானது.

குடும்பத்தின் பங்கு

பாடசாலை எவ்வளவுதான் திறம்பட ஆயத்தம் செய்யினும், ஆபத்து வேளையில் அதனைக் குலைக்கக்கூடிய ஆற்றல் ஒன்றுண்டு. அது பெற்றோரின் அன்பே. நிலம் அதிர்ந்ததும் தாய் பாடசாலையை நோக்கி ஓடுகின்றாள். பிள்ளை வீட்டை நோக்கி ஓட விழைகின்றது. இருவரும் ஒருவரையொருவர் தேடி ஆபத்தின் நடுவே வந்து சேர்கின்றனர். பாடசாலைப் பாதையில் வாகனங்கள் நிறைகின்றன. மீட்புப் பணியாளர் உள்ளே வர முடிவதில்லை.

யப்பானின் வடகிழக்குக் கரையோர மக்கள் இதனை வரலாற்றிற் கசப்பாகக் கற்றவர்கள். 1896இல் அங்கு எழுந்த பேரலையில் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். உற்றாரைத் தேடிச் சென்றதால் குடும்பங்கள் முழுமையாக அழிந்தன. அவ்வனுபவத்திலிருந்து பிறந்த கருத்தை ‘தெந்தென்கோ’ என்னும் சொல்லால் வழங்குவர். அவரவர் தனித்தனியே என்பது அதன் பொருள். 1990இன் பின்னர், பேரலை வரலாற்றை ஆராய்ந்த யமஷித்தா புமியோ இதனைப் பரவலாக அறியச் செய்தார். பேரலை வருமாயின் தாயைத் தந்தை தேடலாகாது, பிள்ளையைத் தாய் தேடலாகாது. ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்திலிருந்தே உயர்ந்த இடத்துக்கு ஓடவேண்டும்.

மேலோட்டமாக நோக்குவோருக்கு இஃது ஈரமற்ற அறிவுரையாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இதனினும் உயர்ந்த குடும்ப ஒப்பந்தம் இருத்தல் அரிது. என் பிள்ளை தப்பியிருக்கும் என்று தாய் உறுதியாக நம்பினாலன்றித் தான் தப்பி ஓட அவளால் இயலாது. தாய் தப்பியிருப்பாள் என்று பிள்ளை நம்பினாலன்றி அது மலையேறாது. இந்நம்பிக்கை அன்றைக்கே தோன்றுவதன்று. வீட்டிற் பலமுறை பேசி உருவாக்கப்படுவது. கமைஷியிற் பிள்ளைகள் தாம் கற்றதை வீட்டிற்கு எடுத்துச் சென்று, “நான் கட்டாயம் ஓடித் தப்புவேன், ஆகையால் நீங்களும் என்னைத் தேடி வராமல் ஓடித் தப்புங்கள்” என்று பெற்றோருடன் பேசி முடிவு செய்யுமாறு தூண்டப்பட்டனர். பாடசாலைக் கல்வி குடும்பத்தின் உடன்பாடாக மாறிய இடம் இதுவே.

எழுத்தறிவும் அரச அமைப்பும் இன்றிக்கூடக் குடும்பம் இவ்வறிவைக் காத்துவர முடியும் என்பதற்கு இந்தோனேசியாவின் சிமெலு தீவு சான்றாகும். 1907இல் அத்தீவைப் பேரலை அழித்தது. அன்றுமுதல் ‘ஸ்மொங்’ என்னும் சொல்லின் வழி, நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடு என்னும் செய்தியை மூத்தோர் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி நிலநடுக்க மையத்துக்கு மிக அண்மையில் இருந்தும், ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவரே.

அதே நாளில் இலங்கையின் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. நம்மிடம் அத்தகைய சொல் இருக்கவில்லை; எச்சரிக்கை அமைப்பும் இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறைக் காலம். கரையோரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் சேதமுற்றபோது அவற்றின் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன. அது நாட்காட்டி செய்த உதவியேயன்றி நாம் செய்த ஆயத்தத்தின் பயனன்று.

ஆயத்தம் நம் மக்களுக்கு முற்றிலும் அந்நியமானது என்று கூறவும் முடியாது. யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலை வளவுகளிலும் வீட்டு முற்றங்களிலும் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. விமானத்தின் இரைச்சல் கேட்டதும் எங்கே ஓடுவது, எவ்வாறு குப்புறப் படுப்பது, தம்பி தங்கையை யார் தூக்கிச் செல்வது என்பனவற்றை ஐந்து வயதுப் பிள்ளையும் அறிந்திருந்தது. அரசு கற்பிக்காத அவ்வொத்திகையைக் குடும்பங்களே கற்பித்தன. அத்துணைத் துன்பத்திற் பெற்ற அவ்வறிவின் சாரத்தையேனும் அமைதிக் காலத்து அனர்த்தங்களுக்குப் பயன்படுத்தாது விட்டோம் என்பதே வருந்தத்தக்கது.

சரிவின் அடியில் வாழ்வோர்

இதுவரை கூறியவற்றிலிருந்து, அறிவும் உடன்பாடும் இருந்தால் யாவரும் தப்பலாம் என்ற முடிவுக்கு வருவோமாயின் அது பாதி உண்மையாகவே அமையும். மறுபாதியை மலைநாடு உணர்த்துகின்றது.

2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை ஏழரை மணியளவில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தவில் மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் வரிசைகள் மண்ணுக்கடியிற் புதைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. பிள்ளைகள் பலர் அதற்குச் சற்று முன்னரே பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தமையால் உயிர் பிழைத்தனர். பிற்பகலில் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இருக்கவில்லை. அயற் பாடசாலைகளே அக்குடும்பங்களுக்கு முதற் புகலிடங்களாயின. பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் அவர்கள் நெடுங்காலம் தங்கவேண்டியதாயிற்று.

இங்கு எச்சரிக்கை இல்லாமலில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அச்சரிவு ஆபத்தானது என்றும் மக்களை அகற்ற வேண்டும் என்றும் அறிவித்திருந்தது. சொல்லியும் மக்கள் வெளியேறவில்லை என்று அதிகாரிகள் கூறினர். போவதற்கு வேறு நிலம் தரப்படவில்லை என்று மக்கள் கூறினர். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே மீரியபெத்த புதைந்தது எனலாம். தோட்டத் தொழிலாளி வாழும் லயன் அறை அவருக்குச் சொந்தமானதன்று. அதனை விட்டு வெளியேறினால் உரிமையுடன் குடியேற வேறு துண்டு நிலமும் இல்லை. “அபாயமான இடத்தை விட்டு விலகுக” என்னும் அறிவுரை, விலகிச் செல்ல இடமுள்ளவர்க்கே பொருளுடையதாகும்.

இதற்கு நேர்மாறான தோற்றமுடைய, ஆயினும் அடிப்படையில் ஒரே தன்மையதான நிகழ்ச்சியொன்று 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி வேல்ஸ் நாட்டின் அபர்பான் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் இடம்பெற்றது. மலைமேற் குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து காலை ஒன்பதேகால் மணியளவிற் பாடசாலையை மூடியது. 116 பிள்ளைகளும் 28 பெரியோரும் மாண்டனர். மீரியபெத்தவிற் பிள்ளைகள் பாடசாலையில் இருந்து தப்பினர், பெற்றோர் வீட்டில் மாண்டனர். அபர்பானிலோ பிள்ளைகள் பாடசாலையில் மாண்டனர், சுரங்கத்திலும் வீட்டிலும் இருந்த பெற்றோர் எஞ்சினர். அங்கும் 1963ஆம் ஆண்டிலிருந்தே உள்ளூராட்சி மன்றம் பாடசாலைக்குப் பின்னாலுள்ள கழிவு மேட்டின் ஆபத்தைக் குறித்து நிலக்கரிச் சபைக்கு எழுதியிருந்தது. 1967இல் வெளிவந்த விசாரணை அறிக்கை நிலக்கரிச் சபையையே பொறுப்பாக்கிற்று. ஆயினும் அதன் பொருட்டு எவரும் தண்டிக்கப்படவில்லை.

இரண்டு ஊர்களிலும் உழைப்போர் குடியிருப்பு மலையடியில் இருந்தது. மலையைப் பற்றிய தீர்மானமோ வேறிடத்தில் இருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டது, ஆனால் அதனைச் செயலாக்கும் அதிகாரம் ஆபத்தில் வாழ்ந்தோரிடம் இருக்கவில்லை. அனர்த்தத்தை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறுவது இவ்வுண்மையை மறைக்கப் பயன்படுகின்றது. மழை இயற்கையினது, மழை பெய்யும் சரிவில் யாரை வாழவைப்பது என்பது சமூகத்தினது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் இதனை மீண்டும் காட்டிற்று. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகள் பெருஞ் சேதத்தை விளைவித்தன. மீரியபெத்தவின் பாடம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று.

செய்யவேண்டியன

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தது. பாடசாலைகளுக்கான வழிகாட்டல்களும் உள. மண்சரிவுக்கு எண்களால் அமைந்த அளவுகோலும் உண்டு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்பு நிலைக்கும், 100 மில்லிமீற்றர் எச்சரிக்கைக்கும், 150 மில்லிமீற்றர் வெளியேற்றத்துக்கும் உரிய அளவுகளாகும். ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்யினும் வெளியேற வேண்டும். மாணவரே ஒரு மழைமானியை வைத்து இவ்வளவைக் குறித்து வருதல் கூடும். விஞ்ஞான பாடத்துக்கு இதனினும் பயனுள்ள செய்முறை வேறில்லை. சட்டமும் அளவுகோலும் உள்ள இடத்தில் எஞ்சுவது, அவற்றை ஒவ்வொரு பாடசாலையினதும் நிலத்துக்கு ஏற்ப மொழிபெயர்க்கும் பணியே.

பாடசாலை ஒன்று தன் திட்டத்தில் நான்கு வினாக்களுக்கேனும் பெயர் சுட்டி விடை எழுதுதல் வேண்டும். வெள்ளமாயின் எங்கே, மண்சரிவாயின் எங்கே, தீயாயின் எங்கே செல்வது. அவ்விடமும் பயனற்றுப் போயின் அடுத்த இடம் எது? அதிபர் இல்லாத வேளையில் முடிவெடுப்பவர் யார். அவரும் இல்லையாயின் யார்? பிள்ளையை யாரிடம், எந்நிலையிற் கையளிப்பது. ஆபத்து நீங்காத வேளையிற் பெற்றோர் வந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்வதா? நடக்க இயலாத பிள்ளையையும், பாலர் வகுப்புப் பிள்ளைகளையும் தூக்கிச் செல்பவர் யார்? பொதுவான சொற்களால் இவ்வினாக்களுக்கு விடை எழுதுவது எழுதாமைக்கு ஒப்பாகும் என்பதே ஒக்காவா தரும் பாடம்.

குடும்பத்தின் கடமையும் சிறிதன்று. பிரிந்தால் எங்கே சந்திப்பது, அவ்விடத்தை அடைய முடியாவிடின் இரண்டாவதாக எங்கே சந்திப்பது என்பதை வீட்டார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு தொலைபேசி இலக்கத்தையேனும் பிள்ளை மனனம் செய்திருத்தல் நன்று. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும், நோயாளர் காவு வண்டிக்கான 1990ஐயும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் தகும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். அவற்றை எடுக்க மீண்டும் உள்ளே செல்லலாகாது என்பதையும் உடன் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது, “நீ ஆசிரியருடன் போ, நான் பாதுகாப்பான இடத்துக்குப் போய், பிறகு உன்னிடம் வருவேன்” என்று பிள்ளையிடம் முன்னரே கூறி வைப்பதாகும்.

இங்கும் சமூக வேறுபாட்டை மறந்து திட்டம் வகுத்தல் ஆகாது. பாடசாலைப் படிவங்கள், அழைத்தவுடன் வரக்கூடிய, அலுவலகத்திற் பணிபுரியும் ஒரு தந்தையைக் கற்பனை செய்தே வரையப்படுகின்றன. தோட்டத்துத் தாய் மலைமேற் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். தந்தை கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்வார். வீட்டில் இருப்பவர் பாட்டி. கரையோரத்துத் தந்தை கடலில் இருப்பார். தாய் மத்திய கிழக்கில் இருப்பாள். இத்தகைய பிள்ளையை யார் பொறுப்பேற்பது என்பதை அயலவரும் தாய்மாரின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பாடசாலையுடன் கூடி முடிவு செய்தல் வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும், கேட்போரின் பேச்சு வழக்கில், உரிய வேளையில் வந்து சேர்தலும் இதன் பாற்பட்டதே.

எனினும் ஆயத்தத்தின் முழுப் பாரத்தையும் ஆசிரியரிடமும் தாயிடமும் சுமத்திவிட்டு அரசும் தோட்ட நிர்வாகமும் ஒதுங்கிக்கொள்ள நாம் இடங்கொடுத்தலாகாது. ஆபத்தான சரிவிலுள்ள குடியிருப்புக்கு மாற்று நிலமும் அதற்கான உரிமையும் வழங்குதல், பாடசாலைக் கட்டடத்தை ஆராய்ந்து திருத்துதல், எழுதப்பட்ட எச்சரிக்கையை யார் எப்போது செயற்படுத்தினார் என்பதைப் பகிரங்கப்படுத்துதல் ஆகியன அவர்களது கடமைகள். ஒக்காவாப் பெற்றோர் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் நிலைநாட்டியதும் இதனையே.

அடுத்த தவணையின் பெற்றோர் சங்கக் கூட்டத்திற் கட்டட நிதியும் விளையாட்டுப் போட்டியும் வழமைபோல நிகழ்ச்சி நிரலில் இடம்பெறும். அவற்றுடன், ஆபத்து நேரின் எம் பிள்ளைகளை எந்த இடத்துக்குக் கொண்டு செல்வீர்கள் என்னும் வினாவையும் ஒரு தாய் எழுந்து கேட்பாளாக. அவ்விடத்தின் பெயரை அதிபரால் உடனே கூற முடியவில்லையெனின், கூட்டம் கலையும் முன்னர் யாவரும் எழுந்து சென்று அதனைத் தேடிப் பார்த்து வருதலே செய்யத்தக்க முதற் பணியாகும்.